கதையும் மெய்யும்
(திண்டிவனத்தில் ஆற்றிய உரை)



உரைநடையை வகைபிரித்தறியும் முறை மேலையர் தந்தது என்பார் உளர். தொல்காப்பியரோ செய்யுளியலில் உரைநடையை நான்காகப் பகுத்தார். மெய்ப்பொருள் இல்லாது புனைந்த பொய்ம்மொழி ஒன்று. மெய்யொடு கூடி நகைவிளைக்கும் மொழி இன்னொன்று. பொய்யென்றாரே ஒழியத் தள்ளினாரல்லர், அதற்கும் இடந்தந்தார்.

மேற்கே செஞ்சிக் கோட்டையை நோக்குங்கள். பாட்டாயினும், தேசிங்குராசன் கதை புனைவு. தில்லியில் முரட்டுப் பரியை அவன் அடக்கியதைக் கேட்டு ஊரே மெய்சிலிர்க்கும். 1943இல் வெளிவந்த செஞ்சி வரலாற்று நூலில் சீனிவாசாச்சாரியார் சான்றுகளைக் கொண்டு ஆய்கிறார்: தேசிங்கு புந்தேல இராசபுத்திரன், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது 1714இல் மாண்டான். இது விளக்கவுரை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது புதுவை ஆனந்தரங்கர் 1736இல் தொடங்கிய நாட்குறிப்பு. கண்டதையும் கேட்டதையுமே எழுதினார். ஆயினும் மாந்தரின் பேச்சும் சினமும் கதைபோற் கண்முன் நிற்கின்றன. (அதன் பிறமொழிக் கலப்பு நம் செவியைச் சுடும், அது வேறு வழக்கு.)

மாணவர் விடைத்தாளில் அப்பரியடக்கம் வரலாறாகவே வருகிறது. மேடைகளிலோ தேசிங்கைத் தமிழ்மன்னன் என்றே முழங்குகின்றனர். கதையைக் கதையாகப் பாடிய ஊர்ப்பாடகன் எவரையும் ஏய்க்கவில்லை. நாம் அதை வரலாறென்றால், மாற்றார் ஓர் ஓலையை நீட்டி, நம் மெய்யான தொன்மையையும் சேர்த்தன்றோ மறுப்பர்?

நம் இதழ்களுக்கு எழுதுவோர், கதையாயின் கதையென்றும், வரலாறாயின் சான்று இன்னதென்றும் தலைப்பின் கீழேயே குறித்து விடுக்க வேண்டுகிறேன்.