ஜப்பான் மைதானத்தில் வெளியூர்க்காரர்



ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் சென்னையில் ஒரு தேர்வு நடக்கிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. என்-5 என்ற தொடக்கநிலையிலிருந்து என்-1 வரை ஐந்து படிகள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நகரின் பல பக்கங்களிலிருந்தும் இதற்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலையில் இருக்கும் பொறியாளர்கள், கல்லூரி மாணவர்கள், அனிமே பார்த்து மொழிமேல் ஆசை வந்தவர்கள் எனப் பலர். 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் ஓர் உடன்பாட்டை அறிவித்தன. ஐந்தாண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குத் திறன் பெற்றவர்கள் மட்டும் 50,000 பேர் போக வேண்டும் என்பது இலக்கு. ஆகவே இந்த வகுப்புகளில் இனி கூட்டம் கூடுமே தவிரக் குறையாது.

பிள்ளை ஜப்பான் போகிறான் என்றதும் வீட்டில் கேட்கும் கேள்விகள் தெரிந்தவைதான். சம்பளம் எவ்வளவு? குளிர் தாங்குமா? நிலநடுக்கம் வருமாமே? சைவச் சாப்பாடு கிடைக்குமா? ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. போகிற ஊர் நம் பிள்ளையை எவ்வளவு தூரம் உள்ளே விடும் என்பதுதான் அது.

அதற்குப் பதில் அரசு அச்சடிக்கும் கையேடுகளில் இருக்காது. விளையாட்டுப் பக்கத்தில் இருக்கும். இதை அரை நூற்றாண்டாக எழுதிக் காட்டியவர் ராபர்ட் வைட்டிங் என்ற அமெரிக்கர். 1962-இல் அமெரிக்க விமானப்படையில் பணியாற்ற டோக்கியோ வந்தார். பிறகு அங்கேயே சோஃபியா பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார். படித்தது அரசியல், எழுதியது பேஸ்பால். 1977-இல் ஒரு புத்தகம், 1989-இல் இன்னொன்று. இரண்டிலும் ஜப்பானியர் பேஸ்பால் ஆடும் விதத்தை வைத்து அந்தச் சமூகத்தைப் படித்துக் காட்டினார். டோக்கியோவின் நிழல் உலகம் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அந்த நாட்டில் விளையாட்டையும் அரசியலையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதை அவர் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார். கண்டுகொள்ளாமல் எப்படி இருக்க முடியும்? நாட்டிலேயே அதிகம் விற்கும் நாளிதழான யோமியுரிதான், நாட்டிலேயே அதிக ரசிகர்களைக் கொண்ட ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணிக்கும் சொந்தக்காரர்.

அந்த ஜயன்ட்ஸ் அணியின் மாபெரும் வீரர் சதஹாரு ஓ. 868 ஹோம் ரன் அடித்தவர். நம் ஊரில் டெண்டுல்கருக்கு என்ன மரியாதையோ, அங்கே ஓவுக்கு அந்த மரியாதை. அவர் 1940-இல் டோக்கியோவிலேயே பிறந்தவர். தாய் ஜப்பானியர், தந்தை சீனர், குடியுரிமை சீனக் குடியரசினுடையது. 1957-இல் பள்ளி மாணவராக, தேசிய வசந்தகாலப் போட்டியில் பந்து வீசித் தன் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழா வந்தபோது, ஜப்பானியக் குடிமகன் இல்லை என்பதால் அவரை ஆடவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1977-இல், அமெரிக்காவின் ஹாங்க் ஆரன் அடித்த 755 ஹோம் ரன்களை அவர் தாண்டியபோது, ஜப்பான் அரசு மக்கள் மரியாதை விருது என்ற ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தி, முதல் விருதை அவருக்கே கொடுத்தது. விளையாட்டு விழாவில் இடம் மறுத்ததும் நாட்டின் முதல் மரியாதையைக் கொடுத்ததும் ஒரே நாடு.

கதை இதோடு முடிந்திருந்தால் நெஞ்சு நிறைந்திருக்கும். முடியவில்லை.

1964-இல் ஒரே பருவத்தில் 55 ஹோம் ரன் அடித்து ஓ ஒரு சாதனை வைத்திருந்தார். 1985-இல் ஹான்ஷின் டைகர்ஸ் அணிக்கு ஆடிய ராண்டி பாஸ் என்ற அமெரிக்கர் 54 வரை வந்துவிட்டார். மீதியிருந்த இரண்டு ஆட்டங்களும் ஜயன்ட்ஸ் அணியோடு. அந்த அணிக்கு அப்போது மேலாளர் யார்? ஓதான். ஜயன்ட்ஸ் பந்துவீச்சாளர்கள் பாஸுக்கு மட்டைக்கு எட்டாத பந்துகளாகத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சேப்பாக்கத்தில் ஒருவர் 98 ரன்னில் நிற்கும்போது, அவர் சதம் அடித்துவிடக் கூடாதென்று எதிரணி வரிசையாக வைடு போட்டால் நம் அரங்கம் சும்மா இருக்குமா? பாஸ் 54-உடன் நின்றார். ஓ அப்படிச் செய்யச் சொன்னதாக யாரும் நிரூபிக்கவில்லை. தான் சொல்லவில்லை என்றே அவர் மறுத்தார். ஆனால் 2001-இல் டஃபி ரோட்ஸ் என்ற அமெரிக்கரும், 2002-இல் அலெக்ஸ் கப்ரேரா என்ற வெனிசுவேலாக்காரரும் 55-ஐத் தொட்டபோது, ஓ அப்போது நடத்திய ஹாக்ஸ் அணி அவர்களுக்கும் இதையே செய்தது. 2001-இல் பேஸ்பால் ஆணையரே இது விளையாட்டு நெறிக்கு மாறானது என்று கண்டித்தார்.

ஜப்பானை நேசித்த வைட்டிங் போன்றவர்கள் இந்த இடத்தில் வாய்மூடி இருக்கவில்லை. இது ஒரு மேலாளரின் குறை இல்லை, வெளியூர்க்காரர் உதவிக்கு வரலாம், உச்சியில் பெயர் எழுதக் கூடாது என்ற பழைய மனப்பான்மை என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரி. அங்கேயே குடியிருந்து, அந்த மொழியில் பேசி, அந்த அணிகளுக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்கள் சொன்னதால்தான் அதற்கு எடை கூடியது.

மாற்றமும் அதே மைதானத்தில்தான் வந்தது. 2013 செப்டம்பர் 15 அன்று, டோக்கியோவின் ஜிங்கு அரங்கில், குராசாவோ தீவிலிருந்து வந்த விளாடிமிர் பாலென்டியன் 56-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். இந்தமுறை பந்துகளை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அரங்கம் கொண்டாடியது. அந்தப் பருவத்தை அவர் 60-உடன் முடித்தார். ராண்டி பாஸை 2023-இல் ஜப்பான் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். முப்பத்தெட்டு ஆண்டு தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள்.

சூமோ மல்யுத்தத்தில் கதவு இன்னும் கனமானது. அது வெறும் விளையாட்டு இல்லை, ஷின்டோ சமயச் சடங்குகளோடு பின்னியது. 1972-இல் ஹவாயிலிருந்து வந்த தகமியாமா, உச்சப் பிரிவில் கோப்பை வென்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். அமெரிக்க அதிபர் நிக்சனின் வாழ்த்துச் செய்தியை அந்த வளையத்தில் வைத்தே வாசித்தார்கள். இருபதாண்டுகள் கழித்து அதே ஹவாயிலிருந்து வந்த கொனிஷிகி, யோகோசுனா என்ற உச்சப் பட்டத்தின் வாசலில் நின்றார். பட்டம் கிடைக்கவில்லை. தகுதி போதவில்லை என்றது சூமோ சங்கம். வெளிநாட்டு யோகோசுனா நமக்கு வேண்டாம் என்று பத்திரிகையிலேயே கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே, 1993 ஜனவரியில், இன்னொரு ஹவாய்க்காரர் அகெபோனோ அந்தப் பட்டத்தை வாங்கினார். அதன்பின் மங்கோலியர்கள் வந்தார்கள். ஹகுஹோ 45 கோப்பைகள் வென்றார். அதற்கு முன் யாரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

அவ்வளவு வென்ற ஹகுஹோவும் ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராகச் சங்கத்தில் இருக்க ஜப்பானியக் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. 2019-இல் மங்கோலியக் குடியுரிமையை விட்டுவிட்டு அதை வாங்கினார். ஒரு பயிற்சிக்கூடத்துக்கு ஒரு வெளிநாட்டவர்தான் என்ற விதியும் நீடிக்கிறது. தன் பயிற்சிக்கூடத்து மாணவர் ஒருவரின் வன்முறையால் எழுந்த சிக்கலுக்குப்பின், 2025 ஜூனில் ஹகுஹோ சங்கத்தை விட்டே வெளியேறினார்.

நவோமி ஒசாகாவையும் நினைத்துக்கொள்ளலாம். தாய் ஜப்பானியர், தந்தை ஹைட்டிக்காரர். 2018-இல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு ஒரு நூடுல்ஸ் விளம்பரம் அவரை வெளிர் நிறத்தவராகக் கார்ட்டூனில் வரைந்து, எதிர்ப்புக்குப்பின் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியதும் அவர் கைதான்.

அந்த ஒலிம்பிக்கில் நம் சென்னைப் பிள்ளைகளும் ஆடினார்கள். வாள்சண்டையில் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் ஆள் பவானி தேவி. முதல் போட்டியை 15-3 என்று வென்றார். மேசைப்பந்தில் சரத் கமல் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான மா லாங்கிடமிருந்து ஒரு செட்டைப் பறித்தார். கொரோனாவால் அரங்குகள் காலி. கைதட்ட ஆளில்லை. இன்னொரு சென்னைக்காரர் சத்தியன் ஞானசேகரன், 2020-இல் ஜப்பானின் டி லீக் போட்டிக்கு ஒகயாமா ரிவெட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் ஜப்பானிய ஊரின் பெயரைச் சட்டையில் போட்டு ஆடுவது பெருமையான விஷயம். அதைப் பற்றி இங்கே யாரும் போதிய அளவு பேசவில்லை.

இனி மைதானத்துக்கு வெளியே.

2024-இல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏறத்தாழ 6 லட்சத்து 86 ஆயிரம். கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து 7 லட்சத்துக்குக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை. அதே ஆண்டு முடிவில் அங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் 37 லட்சத்துக்கும் மேல். இந்தியர் 50,000-க்கும் மேல். அவர்களில் பலர் டோக்கியோவின் எடோகாவா பகுதியில், நிஷி காசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பிறந்து ஜப்பானியக் குடிமகனான புராணிக் யோகேந்திரா, 2019-இல் அதே எடோகாவாவில் உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜப்பானில் தேர்தலில் வென்ற முதல் இந்திய வம்சாவளியினர் அவர்.

ஆறு ஆண்டு கழித்து, 2025 ஜூலை மேலவைத் தேர்தலில், ஜப்பானியருக்கே முதலிடம் என்று முழங்கிய சான்செய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்தது. அக்டோபரில் சனாயே தகாய்ச்சி முதல் பெண் பிரதமராக வந்தார். அவருடைய அரசும் வெளிநாட்டவர் குறித்த விதிகளை இறுக்குவதைத் தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைத்தது. ஆள் வேண்டும், ஆனால் அயலார் வேண்டாம் என்ற இந்த இழுபறி, ராண்டி பாஸுக்கு எட்டாத பந்து போட்டபோது இருந்த அதே இழுபறி. ஆட வா, உச்சிக்கு வராதே.

இதைச் சொல்லும்போது சென்னைவாசிகள் தங்கள் மைதானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் நம்மை வென்றது. டெண்டுல்கர் 136 அடித்தும் தோற்ற ஆட்டம். அப்படியிருந்தும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். ராஞ்சிக்காரரைத் தல என்று அழைப்பதும் இந்த ஊர்தான். அதே ஊரில் 2013 ஐ.பி.எல். போட்டிகளில் இலங்கை வீரர்கள் ஆடக் கூடாது என்று தடை வந்தது. 2009 இலங்கைப் போரின் துயரம் ஆறாத நெஞ்சிலிருந்து எழுந்த கோபம் அது, அந்தத் துயரத்தை யாரும் சிறிதாக்க முடியாது. ஆனால் தடையில் முத்தையா முரளிதரனும் சிக்கினார். கண்டியில் பிறந்த தமிழர், சென்னை அணிக்கே மூன்று பருவம் ஆடியவர், சென்னை வீட்டு மாப்பிள்ளை. பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆளை நிறுத்தியது தவறு. ஜப்பானில் 1957-இல் நடந்தது தவறு என்பவர்கள் சேப்பாக்கத்தில் 2013-இல் நடந்ததையும் தவறு என்றே சொல்ல வேண்டும்.

ஜப்பான் போகாதீர்கள் என்பது இந்த உரையின் கருத்தில்லை. போக வேண்டும். ஒழுங்கு, பாதுகாப்பு, தொழில்மீது காட்டும் மரியாதை என்று அங்கே கற்றுக்கொள்ள எவ்வளவோ உண்டு. ஆனால் கதவு எந்த அளவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றாலும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு கிடையாது. 2024-இல் நிறைவேறிய சட்டப்படி, வேண்டுமென்றே வரி கட்டாமல் விட்டால் அந்தத் தங்கும் உரிமையும் போகலாம்.

இன்னொன்று, தொழிற்சாலை, விவசாயம், முதியோர் பராமரிப்பு வேலைகளுக்குப் போகும் இளைஞர்களுக்கு. 1993 முதல் இருந்துவரும் பயிற்சித் தொழிலாளர் திட்டத்தில், முதலாளி எவ்வளவு மோசமாக நடத்தினாலும் வேறு இடத்துக்கு மாறுவது மிகக் கடினம். அதற்குப் பதிலாக வரும் புதிய திட்டம் 2027 ஏப்ரலில் நடைமுறைக்கு வருகிறது. அதில் ஓராண்டு முதல் ஈராண்டு வேலை செய்தபின், மொழித் தேர்வு உள்ளிட்ட நிபந்தனைகளோடு, அதே துறையில் இடம் மாறிக்கொள்ளலாம். ஏஜென்ட் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் பிள்ளை எந்தத் திட்டத்தில் போகிறார், இடம் மாறும் உரிமை அதில் இருக்கிறதா என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் தேனாம்பேட்டை செனடாப் சாலையில் ஜப்பானியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.