மொய் நோட்டும் மிளகாய்த்தூளும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், ராமநாதபுரம் மாவட்டத்து மகளிர் குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொடர்புகள் மூலமா சிறுதொழிலை எப்படி வளர்க்கலாம் என்று எங்க அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்காங்க. பயிற்சிக்குப் போனால் இதை ‘நெட்ஒர்க்கிங்’ என்று சொல்வாங்க. முதல் தடவை அந்த வார்த்தையைக் கேட்டப்போ, செல்போன் டவர் சமாச்சாரம் என்றுதான் நாங்க நினைச்சோம். அப்புறம் பார்த்தால், அது நமக்குத் தெரிந்த மொய் நோட்டுதான்.

நம்ம பக்கத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்றால் வாசலில் ஒருத்தர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். யார் வந்தாங்க, எந்த ஊர், எவ்வளவு செய்தாங்க என்று எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு அவங்க வீட்டில் விசேஷம் என்றால், அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்காமல் நாம கிளம்ப மாட்டோம். வாங்கினதைத் திருப்பிச் செய்யணும் என்பது அதில் எழுதாத எழுத்து. வியாபாரத் தொடர்பும் அப்படித்தான் என்று எங்களுக்குப் புரிய நாலு வருஷம் ஆச்சு. அந்த நாலு வருஷத்தில் நாங்க பட்ட அடியைத்தான் முதலில் சொல்லப் போறோம்.

எங்க குழுவில் 12 பேர். உள்கடன் எடுத்து மிளகாய்த்தூள், சாம்பார் பொடி அரைத்து விற்க ஆரம்பிச்சோம். முண்டு மிளகாய் விளையும் பூமி இது. 2023ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. சரக்கு நல்ல சரக்கு. ஆனால் எங்க பஞ்சாயத்தில் எங்களோடு சேர்த்து மூணு குழு இதே பொடியை அரைச்சது. மூணு குழுவும் சுத்தி வந்தது அதே அஞ்சு தெரு. அவங்க அஞ்சு ரூபாய் குறைச்சால் நாங்க பத்து ரூபாய் குறைச்சோம். கடைசியில் மூணு குழுவுக்கும் அரைப்புக் கூலிகூட மிஞ்சலை. தண்ணிக் குழாயில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போற நிலைமை. குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தீர்மானம் எல்லாம் ஒழுங்கா நடக்கும்; விற்கப் போகும்போது மட்டும் தனித்தனி ஆள்.

சரி, தெருவில் விற்றால்தானே சண்டை என்று டவுனில் ஒரே ஒரு கடையைப் பிடிச்சோம். பெரிய கடை. “மாசம் 40 கிலோ கொண்டாங்கம்மா” என்றார் முதலாளி. எங்களுக்குத் தலைகால் புரியலை. தெருவில் வாடிக்கையா வாங்கினவங்களை எல்லாம் விட்டுட்டு அந்தக் கடைக்கே அரைச்சோம். ரெண்டு மாசம் காசு கைக்கு வந்தது. மூணாவது மாசத்தில் இருந்து “அடுத்த வாரம் வாங்க” என்ற பேச்சுதான். எட்டு மாசம் நடந்து, பாதிப் பணம்தான் வந்தது. வங்கித் தவணைக்கு நாலு பேர் தோட்டை அடகு வெச்சோம். இதை இங்கே சொல்றதில் வெட்கம் இல்லை, இங்கே இருக்கிறவங்களில் பல பேருக்கு இது நடந்திருக்கும். தொடர்பு என்று நாங்க நினைச்சது ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஒரு கயிறு அறுந்ததும் கிணத்துக்குள்ளே விழுந்துட்டோம்.

எங்களைத் தூக்கி விட்டது மாவு மில் அண்ணன். அவர் பெரிசா ஒண்ணும் செய்யலை. “மூணு குழுவும் மூணு நாள் அஞ்சு கிலோ, எட்டு கிலோன்னு கொண்டு வர்றீங்க. ஒவ்வொரு தடவையும் மிஷினைச் சுத்தம் பண்ணணும், முதல்ல அரைக்கிறதுல கொஞ்சம் வீணாப் போகுது. ஒரே நாள்ல வந்தா கூலியையும் குறைச்சுக்கலாம்” என்றார். அவ்வளவுதான். வேண்டா வெறுப்பா ஒரே நாளில் போனோம். மில் வாசல் திண்ணையில், மிளகாய் நெடியில் தும்மிக்கிட்டே மூணு குழுவும் பேச ஆரம்பிச்சோம்.

அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. பக்கத்துத் தெரு குழுவில் ஒரு அக்கா, ரெண்டு ஏக்கரில் மிளகாய் போடுறவங்க. அவங்க களத்தில் காயவைத்த வத்தலைத் தரகரிடம் போடுறாங்க. அது கைமாறிக் கைமாறிப் பரமக்குடி கடைக்குப் போகுது. நாங்க பஸ் ஏறிப் போய் அங்கே சில்லறையா 10 கிலோ, 20 கிலோ என்று வாங்கிட்டு வர்றோம். ஒரே ஊர்க் களத்து வத்தலை ஊரைச் சுத்தி வரவழைச்சு, கூடுதல் விலையும் பஸ் காசும் கொடுத்து வாங்கியிருக்கோம்! சிரிக்கிறதா அழுவுறதா தெரியலை. அந்த வருஷம் மாசி, பங்குனியில் மூணு குழுவும் பணம் போட்டு நேரா அந்த அக்கா களத்திலேயே எடுத்தோம். தரகர் கொடுக்கிறதைவிட அவங்களுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைச்சது, எங்களுக்குக் கடை விலையைவிட இருபது ரூபாய் குறைஞ்சது. அதோடு வேலையையும் பிரிச்சுக்கிட்டோம். ஒரு குழு மிளகாய்த்தூள், ஒரு குழு சாம்பார் பொடி, நாங்க ரசப்பொடியும் குழம்பு மசாலாவும். யார் எங்கே விற்கப் போனாலும் மூணு குழுச் சரக்கும் கூடையில் இருக்கும்.

பம்பாயில் நடந்த ஒரு கதையைப் பயிற்சியில் சொன்னாங்க. 1959 மார்ச் 15ஆம் தேதி, கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் தேய்ச்சாங்க. அன்றைக்கு வந்தது நாலு பாக்கெட். அதை பூலேஷ்வரில் தெரிந்த வியாபாரி ஒருத்தர்கிட்ட கொடுத்தாங்க. அதுதான் லிஜ்ஜத் அப்பளம். அதைத் தொடங்கினவங்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மாவுக்கு 2021ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பிசைந்த மாவை வாங்கிட்டுப் போய் வீட்டில் தேய்ச்சுக் காயவைச்சு, திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவது அவங்க முறை. அந்தக் கதையில் எங்களுக்குப் பிடிச்சது பத்மஸ்ரீ இல்லை, அந்த நாலு பாக்கெட்டும் தெரிந்த ஒரு வியாபாரியும்தான். எல்லாருக்கும் ஆரம்பம் ஒரு தெரிந்த ஆள்தான். ஆனால் அவங்க அந்த ஒருத்தரோடு நிற்கலை, நாங்க நின்னுட்டோம்.

அதனால் ஒரு நோட்டுப் போட்டோம். பச்சை அட்டை போட்ட 200 பக்க நோட்டு. இடது பக்கம் அவங்க நமக்குச் செய்தது, வலது பக்கம் நாம அவங்களுக்குச் செய்தது. பஸ் கண்டக்டர் தம்பி திருப்பூருக்கு மூட்டை ஏத்தி விட்டது இடது பக்கம். அவர் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் துணைக்கு இருந்தது வலது பக்கம். திருப்பூர் எதுக்கு என்றால், நம்ம ஊர்ப் பிள்ளைங்க அங்கே பனியன் கம்பெனியில் எத்தனை பேர்! தீபாவளிக்கு வந்துட்டுப் போகும்போது அம்மா அரைச்ச தூளைப் பையில் வெச்சுத்தான் போகும். அது தீர்ந்ததும் யார் கொடுப்பா? ஒரு உறுப்பினரோட நாத்தனார் அங்கே லைன் வீட்டில் இருக்காங்க. அவங்க மூலமா மாசம் 15 கிலோ போகுது. கிலோவுக்கு அவங்களுக்கு ஒரு பங்கு உண்டு. சொந்தம் என்பதற்காக இலவசமா வேலை வாங்கக் கூடாது, அப்படி வாங்கினால் மூணாவது மாசம் அந்த உறவும் போயிடும், வியாபாரமும் போயிடும்.

நோட்டில் பெரிய பேர் கல்யாண சமையல் மாஸ்டர். அவர்கிட்ட போய் “எங்க தூளை வாங்குங்கண்ணே” என்று கேட்கலை. “ருசி பார்த்துக் குறை சொல்லுங்கண்ணே” என்றுதான் கேட்டோம். மனுஷன் குறை சொல்லச் சொன்னால் விடுவாரா? அரை மணி நேரம் சொன்னார். “மீன் குழம்புக்கு இவ்வளவு நைஸ் ஆகாது. குண்டு மட்டும் போட்டா மணம் வருது, காரம் நிக்கலை, கொஞ்சம் நீள மிளகாய் சேரும்மா. காம்போட அரைக்காதே.” எல்லாத்தையும் எழுதி, சொன்னபடி அரைச்சு, ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டு போனோம். அந்தத் தூளில் அவர் பங்கும் இருக்கில்லையா, அதனால் அவரே நாலு மாஸ்டருக்குச் சொன்னார்.

ஐப்பசி மழையில் ஒரு தடவை வத்தல் சரியாக் காயலை. அரைச்சு அனுப்பின பிறகு எங்க வீட்டு டப்பாவில் பூஞ்சை வாடை. மாஸ்டருக்கு 14 கிலோ போயிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் வாக்குவாதம். “மணத்திலே தெரியாது, விடுங்க” என்றும் சொன்னாங்க. பூஞ்சை பிடிச்ச மிளகாய் உடம்புக்கு விஷம், கல்யாணப் பந்தியில் குழந்தைங்களும் சாப்பிடும். விடியக்காலையில் ரெண்டு பேர் போய் நாங்களே சொல்லி, மூட்டையைத் திருப்பி எடுத்துட்டு வந்து குழியில் கொட்டினோம். அவர் திட்டினார். ஆனால் அடுத்த முகூர்த்தத்துக்கும் எங்ககிட்டதான் வாங்கினார். இப்போ வத்தலைக் கையில் எடுத்து ஆட்டி, விதை கலகலன்னு சத்தம் கேட்டால்தான் மில்லுக்கு அனுப்புறோம்.

கண்காட்சி பற்றியும் கேட்டிருந்தீங்க. பூமாலை வளாகத்திலும், சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்திலும் கடை போட்டோம். முதல் தடவை எல்லாம் வித்துத் தீர்ந்தது, கை நிறையப் பணத்தோடு வந்தோம். ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வாங்கினவங்க ஒருத்தர் பேர்கூட நம்மகிட்ட இல்லை. ரெண்டாவது தடவை வித்தது கம்மிதான், மழை. ஆனால் 60 பேர் பேரும் போன் நம்பரும் எழுதிட்டு வந்தோம். மூணு வாரம் கழிச்சு “தூள் தீர்ந்திருக்குமே, அனுப்பட்டுமா அக்கா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டதில் 19 பேர் பணம் போட்டாங்க. பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எடை, அரைச்ச தேதி, விலை, நம்ம போன் நம்பர் எல்லாம் தெளிவா இருக்கணும். நம்பர் இல்லாத பாக்கெட், மேல்விலாசம் இல்லாத கடுதாசி மாதிரி.

இனி, இன்றைக்கு இங்கே சொல்ல வந்த காரியம். அந்த நோட்டைக் கூட்டமைப்புக்குக் கொடுப்பதா என்று எங்க குழுவில் ரெண்டு கூட்டம் சண்டை நடந்தது. “நாம அலைஞ்சு சேர்த்த பேரை எதுக்கு ஊருக்கெல்லாம் கொடுக்கணும்? நாளைக்கு நமக்கே போட்டியா வருவாங்க” என்று அஞ்சு பேர் சொன்னாங்க. தோட்டை அடகு வெச்சவங்களும் அதில் இருந்தாங்க, அதனால் அந்தக் கோபம் நியாயமான கோபம். மில் திண்ணையில் அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நோட்டே இருக்காது என்று மற்ற ஏழு பேர் சொன்னோம். பிறகு நோட்டில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, மற்ற குழுக்களுக்கு உங்க நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டோம். நாலு பேர் வேண்டாம் என்றாங்க, அவங்க பேரை அடிச்சுட்டோம். அந்த அஞ்சு பேரில் மூணு பேர் பிறகு சம்மதிச்சாங்க. ரெண்டு பேருக்கு இன்னமும் மனசு இல்லை. அவங்களும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்காங்க.

நோட்டின் நகல் இப்போ கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கு. மசாலா அரைக்கிற குழு மட்டும் இல்லை, கூடை முடையறவங்க, தையல்காரங்க, கருவாடு போடுறவங்க எல்லாரும் பார்க்கலாம். பார்க்கிறவங்க உங்க நோட்டில் இருந்து அஞ்சு பேரையாவது, அவங்க சம்மதத்தோடு எழுதி வைக்கணும் என்று கேட்டுக்கிறோம். மாசியில் வத்தல் எடுக்க எந்தெந்தக் குழு சேருது, எத்தனை மூட்டை வேணும் என்று தை மாசக் கூட்டத்துக்குள் சொல்லிடுங்க. களத்து அக்காவுக்கு முன்பணம் கொடுக்கணும். சமையல் மாஸ்டருக்கு மட்டும் மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னாடி போன் பண்ணாதீங்க, அடுப்படியில் நிற்பார்.