தூக்குவது வேறு, தாங்குவது வேறு
வீட்டில் காரை உயர்த்திப் பழுது பார்ப்பவர்களுக்கான பாதுகாப்புக் குறிப்புகள்
(மூத்த குடிமக்கள் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்ல. கார் பழுது பார்ப்பவளும் அல்ல. கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் சுகாதாரக் கையேடுகளைத் தமிழாக்கம் செய்பவள். வீட்டு விபத்துகளைப் பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்தபோது, உயர்த்திய காருக்கு அடியில் வைக்கும் இரும்பு ஸ்டேண்டைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று என் அப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அது எதுக்கும்மா? ஜாக்கி இருக்கே, போதாதா?" என்றார். அப்பாவுக்கு வயது 71. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் காருக்குத் தானே ஆயில் மாற்றி வருபவர்.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கேள்விக்குப் பதில் கிடைத்தது. வீட்டுப் போர்ச்சில் பழைய சாகாவின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஒரு டயரைக் கழற்றிவிட்டு, ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க அடியில் நுழைந்திருக்கிறார். கையில் இருந்த ஸ்பேனர் அளவு சரியில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கேட்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே தானே வெளியே வந்து பெட்டியைத் திறந்தார். அந்த நேரத்தில் ஜாக்கி வழுக்கிச் சாய்ந்தது. கார் கீழே இறங்கியது. டயர் இல்லாத பக்கத்தில் பிரேக் தட்டு டைல்ஸை உடைத்துவிட்டது. சற்று முன் அப்பா படுத்திருந்த இடத்தில் கையை நுழைக்கக்கூட இடைவெளி இல்லை.

"என் காது மந்தமானதும் ஒரு நாள் நல்லதுக்குத்தான்" என்று அம்மா இப்போதும் சொல்வார். அப்பா சிரிப்பதில்லை.

பெரியோர்களே, ஜாக்கி காரைத் தூக்குவதற்குச் செய்த கருவி. தூக்கிய காரைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை அல்ல. காரின் பூட்டில் வரும் திருகு ஜாக்கி, சாலையோரத்தில் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதன் அடிப்பாகம் சிறியது. கார் கொஞ்சம் ஆடினாலும் சாய்ந்துவிடும். சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் நிற்கிறது. எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால், எந்த அறிகுறியும் இல்லாமல் இறங்கலாம்.

கஞ்சில் போன்ற மிகச் சிறிய காரே ஏறத்தாழ 700 கிலோ எடை. 50 கிலோ சிமெண்டு மூட்டைகள் 14-ஐ அடுக்கியதற்குச் சமம். அதில் ஒரு பகுதி மார்பின்மேல் இறங்கினால் நெஞ்சு விரியாது. மூச்சை உள்ளே இழுக்க முடியாது. உதவிக்குக் கத்தவும் முடியாது. எலும்பு முறியாவிட்டாலும், மூச்சடைத்துச் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

ஆகவே, காருக்கு அடியில் போகாமல் இருப்பதே நல்லது. அந்த வேலையைப் பட்டறையில் விடுங்கள். அப்படியும் நீங்களே செய்வதானால், இந்த வரிசையைத் தவறாமல் பின்பற்றுங்கள்.

முதலாவது, தரை. நம் தாமான் வீடுகளில் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகப் போர்ச் சற்றுச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும். வழவழப்பான டைல்ஸ் வேறு. சரிவு, ஈரம், மண்தரை, சாக்கடை மூடி ஆகிய எதன்மீதும் காரை உயர்த்தாதீர்கள். கெட்டியான, சமமான சிமெண்டுத் தரையே ஏற்றது.

இரண்டாவது, முட்டுக்கட்டை. வாழ்க்கையில் முட்டுக்கட்டை போடுபவர்களை நமக்குப் பிடிக்காது; இங்கே அது கட்டாயம் வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தை உயர்த்திவிட்டால் அதனால் பயன் இல்லை. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரையும் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடானால் இது மிகவும் முக்கியம்.

மூன்றாவது, தூக்கும் இடம். எந்த இடத்தில் ஜாக்கி வைக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் படத்துடன் இருக்கும். துருப்பிடித்த இடத்திலோ, ஆயில் தொட்டியின் அடியிலோ வைக்காதீர்கள். டயரைக் கழற்றுவதானால், கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். உயர்த்திய பிறகு பலமாகத் திருகினால் கார் ஆடும்.

நான்காவது, தாங்கி. அப்பாவிடம் கேட்ட ஸ்டேண்டுக்கு நான் கடைசியில் எழுதிய சொல் இதுதான். ஹார்ட்வேர் கடைகளிலும் கார் உதிரிபாகக் கடைகளிலும் இரண்டிரண்டாகக் கிடைக்கும். எவ்வளவு எடையைத் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் காருக்குப் போதுமானதை வாங்குங்கள். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்து, பின்னையோ பூட்டையோ சரியாகப் பொருத்தி, காரை மெதுவாக அவற்றின்மேல் இறக்குங்கள். பிறகு வெளியே நின்றபடி காரைக் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மீண்டும் இறக்கிச் சரிசெய்யுங்கள். கழற்றிய டயரைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்தால் அது கூடுதல் பாதுகாப்பு. செங்கல், கான்கிரீட் கல், மரத்துண்டு ஆகியவற்றைத் தாங்கியாகப் பயன்படுத்தவே கூடாது. கல் மெதுவாக விரியாது. ஒரே நொடியில் உடைந்துவிடும்.

ஐந்தாவது, தனியாகச் செய்யாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். கைத்தொலைபேசி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

நம் வயதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்களுக்குப் படுத்து எழும்போது தலைசுற்றலாம். வெளியே வந்ததும் சற்று உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சிறிய அடியும் பெரிய இரத்தக் கசிவாகலாம். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடான புகைக்குழாய் பட்டாலும் உடனே தெரியாது. எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். கண்ணாடி அணிந்து, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. யாராவது காருக்கு அடியில் சிக்கிக்கொண்டால், உடனே 999-ஐ அழைத்து, பொம்பாவும் ஆம்புலன்ஸும் வேண்டும் என்று சொல்லுங்கள். முகவரியைத் தெளிவாகச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரைச் சத்தமிட்டுக் கூப்பிடுங்கள். வேறொரு ஜாக்கி இருந்து, கார் மேலும் நகராது என்றால், அதை வைத்துக் காரை உயர்த்தச் சொல்லலாம். நீங்கள் அடியில் நுழையாதீர்கள். காலைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். வெளியே வந்தவர் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்காயம் வெளியே தெரியாது.

நம் பெரியவர்கள் பலர் அடியில் நுழைவது பணத்தை மிச்சப்படுத்த மட்டும் அல்ல. மகனுக்காகக் காத்திருக்க மனம் வருவதில்லை. இன்னும் என்னால் முடியும் என்று காட்ட வேண்டியிருக்கிறது. அது புரிந்துகொள்ளக்கூடியதே. என் அப்பா இன்றும் தன் காரைத் தானே கழுவுகிறார், பேட்டரி பார்க்கிறார், டயருக்குக் காற்று அடிக்கிறார். அடியில் உள்ள வேலை மட்டும் பட்டறைக்குப் போகிறது. வாங்கி வைத்த இரண்டு தாங்கிகளையும் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, அவற்றை எப்படி வைக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தாராம்.

நீங்களும் உங்கள் தெருவில் ஒருவருக்காவது இதைச் சொல்லுங்கள். ஜாக்கி மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒரு நிமிடம்கூட, ஒரு கையைக்கூட, நுழைக்காதீர்கள்.