போர்வையும் தோசைக்கல்லும்



டில்லி கரோல்பாகில் வாழும் தமிழர்க்குப் புசா ரோடு புதியதன்று. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அச்சாலையில்தான் இருக்கிறது. ஆயினும் அப்பெயர் டில்லிக்கு உரியதன்று. பீகாரில் புசா என்னும் சிற்றூரில் 1905ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934 ஜனவரி 15ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936இல் டில்லிக்குக் குடிபெயர்ந்தபோது ஊர்ப் பெயரையும் உடன் கொணர்ந்தது. நம்மைப் போல் அதுவும் பிழைக்க வந்த பெயரே.

2011ஆம் ஆண்டு அந்நிலையத்தில் பயின்ற தமிழ் மாணவர் நாங்கள் மூவர். அவ்வாண்டு எத்தியோப்பியாவிலிருந்து சக மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்குத் துணையாக இருக்கும் பொறுப்பு எங்களுக்கு வாய்த்தது. பெருமிதம் கொண்டோம். முதலாண்டுக் குளிரில் நாங்கள் நடுங்கியபோது, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி ஒருவர் ரஜாய் தந்து காத்ததை மறக்கவில்லை. ஆகவே தீபாவளிக்கு முன்பே கனத்த ரஜாய் ஒன்றை வாங்கி அவர் அறையில் சேர்த்தோம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்பதே எங்கள் பூகோள அறிவு! அவர் நகைத்தார். அவருடைய ஊராகிய அடிஸ் அபாபா உதகமண்டலத்தைக் காட்டிலும் உயர்ந்த மலைநகர். “குளிர் எனக்குப் பழக்கந்தான், உங்கள் மே மாதத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்.

அதோடு நாங்கள் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை.

கரோல்பாகில் தமிழ் மாமி ஒருவர் வீட்டில் புதன்கிழமைதோறும் எங்களுக்கு இரவுச் சாப்பாடு உண்டு. அவரையும் அழைத்துச் சென்றோம். சாம்பாரை விரும்பி உண்டார். தயிர் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். தயிரின்றி எழுவது நம் வீடுகளில் வழக்கமா? மாமி வற்புறுத்தினார், நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஒருவர் அவர் இலையில் ஊற்றியும் விட்டார். அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தாரேயன்றி உண்ணவில்லை. மறுவாரம் வரவில்லை. மாமிக்கு வருத்தம், எங்களுக்கோ, இத்துணை செய்தும் நன்றியில்லையே என்ற எண்ணம்.

இவ்விடத்தில் வேறொரு நட்பைக் கூறவேண்டும். 1914ஆம் ஆண்டு கணித மேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மகலநோபிஸ் அவருக்கு நண்பரானார். இராமானுஜனுக்கு ஐந்து வயதுக்கு மேல் இளையவர். இரவில் குளிர் தெரியாமல் இருக்கிறதா என்று அவர் வினவ, மேற்சட்டையை அணிந்து சால்வையும் போர்த்துக்கொண்டு உறங்குவதாக இராமானுஜன் கூறினார். மகலநோபிஸ் உபதேசம் செய்யவில்லை. படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் மெத்தையின் அடியில் செருகப்பட்டு அப்படியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. அதைச் செய்து காட்டினார், அவ்வளவுதான். பிறிதொரு நாள் அவர் பத்திரிகைப் புதிர் ஒன்றைப் படிக்க, காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், அதற்கு மட்டுமன்றி அவ்வகைப் புதிர்கள் அனைத்துக்கும் பொருந்தும் விடையைச் சொன்னாராம். போர்வை விரிக்கக் கற்றவர் யார் என்பதை மகலநோபிஸ் ஒருபோதும் மறந்திருக்க மாட்டார்.

எங்களுள் ஒருவர் இக்கதையை நினைவூட்டிய பின்னரே, நண்பரின் அறைக்குச் சென்று கேட்டோம். அவருடைய திருச்சபையில் புதனும் வெள்ளியும் நோன்பு நாட்கள்; ஊன் மட்டுமன்றிப் பால், தயிர், வெண்ணெயும் விலக்கு. ஏகாதசி விரதம் அறிந்த நமக்கு இது விளங்காததா? நாங்கள் கேட்டதில்லை, விருந்தளித்த வீட்டில் மறுத்துரைக்க அவர் கூசியிருக்கிறார். மன்னிப்புக் கோரினோம். வேறென்ன வேண்டும் என்றபோது, சற்றுத் தயங்கி, “ஒரு தோசைக்கல் கிடைக்குமா?” என்றார்.

அவர்கள் நாட்டு உணவு இஞ்செரா. டெஃப் என்னும் பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்து வார்ப்பது. டெஃப் கரோல்பாகில் கிடைக்குமா? கேழ்வரகு கிடைத்தது. மாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கேழ்வரகின் தாயகம் கிழக்காப்பிரிக்க மலைநாடே என்று எங்களுக்கு எடுத்துரைத்தார். வேளாண்மை பயின்றும் நம் களியும் கூழும் வந்த வழியை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்த புதனன்று மாமியின் அடுப்பில் அவர் மாவை வார்த்தார். மேற்புறமெங்கும் கண் கண்ணாகப் பூத்து வந்தது. மாமி பழக்கத்தால் தோசைத் திருப்பியை எடுத்தார். நண்பர் கைநீட்டி அவரைத் தடுத்து, எங்களிடம் கற்ற தமிழில், “திருப்ப வேண்டாம், மாமி” என்றார். மாமி தோசைத் திருப்பியை அவரிடமே கொடுத்துவிட்டு, அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.