படத்தில் கீழே கிடப்பவர்

இன்று ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உங்களில் பலர் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். முகம்மது அலி நிற்கிறார். வலது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கியபடி, வாயைத் திறந்து கத்துகிறார். அவர் காலடியில் சோனி லிஸ்டன் மல்லாந்து கிடக்கிறார். பின்னால் இருட்டு.

எடுத்த நாள் 1965 மே 25. இடம், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் லூயிஸ்டன் என்கிற சின்ன ஊர். பாஸ்டனில் நடக்கவேண்டிய உலகக் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி, அங்கே இடம் மறுக்கப்பட்டு இங்கே வந்துசேர்ந்தது. பார்க்க வந்தவர்கள் வெறும் 2,434 பேர். முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்துவிட்டார். எந்தக் குத்தில் விழுந்தார் என்பதைப் பக்கத்தில் இருந்தவர்களிலேயே பலர் பார்க்கவில்லை.

வெற்றிக் களிப்பில் அலி கர்ஜிக்கிறார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது களிப்பே இல்லை, ஆத்திரம். எழுந்து வந்து சண்டை போடச் சொல்லித் திட்டுகிறார். இப்படிப் பொசுக்கென்று முடிந்தால் உலகம் நம்புமா என்கிற பதைப்பு அவருக்கு.

படத்தை எடுத்தவர் நீல் லைஃபர், ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் படக்காரர். அப்போது அவருக்கு வயது 22. மேடைக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பெரிய ஃபிளாஷ் விளக்குகள் அவருடையவை. ஒருமுறை வெட்டினால் மறுபடி மின்சாரம் ஏறச் சில நொடிகள் ஆகும். ஆகவே கிடைத்தது ஒரே சொடுக்கு. படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் இரண்டு கால்களுக்கும் நடுவே, மேடையின் எதிர்ப்பக்கத்தில், ஒருவர் தெரிவார். அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன். அதே பத்திரிகையின் மூத்த படக்காரர். கையில் கேமரா தயாராக இருந்தும் அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு மட்டுமே. தனக்கு வாய்த்த இடம் அதிர்ஷ்டம் என்று லைஃபரே சொல்லியிருக்கிறார். உண்மைதான். ஆனால் வாய்த்த நொடியைத் தவறவிடாத கை அவருடையது. அந்த வாரம் பத்திரிகை இந்தப் படத்தை அட்டையில் போடவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அலியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எனக்கு லிஸ்டனைப் பற்றிப் பேசவேண்டும்.

ஆர்கன்சாவில் குத்தகைக்குப் பருத்தி விளைவித்த ஏழைக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். அப்பாவின் அடி. எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார். குத்துச்சண்டை பழகியதே சிறையில்தான். 1962இல் ஃபிளாய்ட் பாட்டர்சனை முதல் சுற்றிலேயே வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். விமானத்தில் ஃபிலடெல்ஃபியா திரும்பியபோது, தன்னை வரவேற்க ஊர் திரண்டிருக்கும் என்று நம்பினார்; பேசவேண்டியதைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கிப் பார்த்தால், கூட்டமே இல்லை. அந்த விமான நிலையத்தில் எடுத்த படம் ஏதாவது இருந்தால், லைஃபரின் படத்துக்குப் பக்கத்தில் அதையும் மாட்டிவைப்பேன்.

அவர் பிறந்த தேதி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இறந்த தேதியும் அப்படியே. 1971 ஜனவரி 5ஆம் தேதி, வெளியூரிலிருந்து லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பிய மனைவிதான் உடலைக் கண்டார். இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கல்லறைப் பலகையில் பெயர், ஆண்டுகள், அதற்குக் கீழே இவ்வளவுதான் பொறித்திருக்கிறார்கள்: ஒரு மனிதன்.