மறந்துபோன ஜெர்மனை மறுபடி கத்துக்கிறது எப்படி?

ஜெர்மனியில வேலை தேடுறதைப் பத்தின எபிசோடுக்கு அப்புறம் ஒரே மாதிரி கேள்வி நிறைய வந்திருந்தது. "ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஜெர்மன் படிச்சேன். இப்போ சுத்தமா மறந்துபோச்சு. காசு கட்டி ஏ1 கிளாஸ்ல முதல்ல இருந்து சேரணுமா, இல்ல நானே படிச்சுக்கலாமா?" இன்னைக்கு அதுக்குத்தான் பதில் சொல்லப்போறேன். ஏன்னா நானும் அதே கேஸ்தான்.

என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். சென்னையில நிறைய சிபிஎஸ்இ ஸ்கூல்ல நடக்குற மாதிரி, எனக்கும் மூணாவது மொழி ஜெர்மன். மூணு வருஷம் படிச்சேன். ஒன்பதாவதுல அந்தப் பாடம் நின்னுடுச்சு. அப்புறம் பிளஸ் டூ, இன்ஜினியரிங், வேலைன்னு பதிமூணு வருஷம் அந்தப் பக்கம் போகவே இல்லை. போன வருஷம்தான் ஜெர்மனிக்கு முயற்சி பண்ணலாம்னு முடிவு பண்ணேன். எங்க ஃபீல்டுல வேலைக்கு இங்கிலீஷ் போதும்னு சொல்ற கம்பெனிகள் இருக்கு. ஆனா அங்க போய் நிலையா தங்கணும்னா கணக்கு வேற. இப்போ இருக்குற விதிப்படி, ப்ளூ கார்டுல போறவங்களுக்கு ஏ1 அளவு ஜெர்மன் இருந்தா 27 மாசத்துல நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேக்கலாம். பி1 இருந்தா 21 மாசம். ஆறு மாச வித்தியாசம். அதைவிட முக்கியம், டாக்டர்கிட்ட வயித்து வலின்னு சொல்றதுக்கும் வீட்டுக்காரர் போடுற லெட்டரைப் படிக்கிறதுக்கும் இன்னொருத்தரைத் தேடிப் போகக்கூடாது.

சரி, முதல் கேள்வி. மறந்துபோச்சுன்னா உண்மையிலேயே போயிடுச்சா?

இதை முதன்முதல்ல அளந்து பார்த்தவர் ஒரு ஜெர்மன்காரர்தான். ஹெர்மன் எபிங்ஹவுஸ். 1885-ல ஞாபகத்தைப் பத்தி ஒரு புத்தகம் வெளியிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் போட்டு, தானே மனப்பாடம் பண்ணி, மறக்க விட்டு, மறுபடி மனப்பாடம் பண்ணார். எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு அவர் கேக்கலை. ரெண்டாவது தடவை படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாச்சுன்னு பார்த்தார். ஒரு நாள் கழிச்சு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு நேரம் மிச்சம். 31 நாள் கழிச்சும் சுமார் 21 சதவீதம் மிச்சம். அர்த்தமில்லாத அசைக்கே இவ்வளவுன்னா, அர்த்தமுள்ள மொழிக்கு?

அதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு. ஹாரி பாரிக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், பள்ளி, கல்லூரியில ஸ்பானிஷ் படிச்ச 700-க்கும் மேற்பட்டவங்களைச் சோதிச்சு 1984-ல வெளியிட்டார். சிலர் படிச்சு 50 வருஷம் ஆனவங்க. முதல் மூணுல இருந்து ஆறு வருஷத்துக்குள்ள நிறைய மறந்துபோகுது. அதுக்கப்புறம் மிச்சம் இருக்குறது முப்பது வருஷம் வரைக்கும் பெருசா குறையாம அப்படியே நிக்குது. முதல்ல எவ்வளவு நல்லா படிச்சாங்களோ அவ்வளவு மிச்சம். அதனால எட்டாவதுல விட்டதுல ஏதோ ஒரு பங்கு இன்னும் உள்ள கிடக்குது. கிணறு தூர்ந்துபோன மாதிரிதான். புதுசா தோண்ட வேண்டாம், தூர் வாரினா போதும்.

ஆனா எங்கெங்க தண்ணி இருக்குன்னு முதல்ல பாக்கணும். அதனால புத்தகத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி கணக்கெடுங்க. நான் பண்ணது இதுதான். ஒரு வெள்ளை பேப்பர், பத்து நிமிஷம், ஜெர்மன்ல ஞாபகம் வர்றதெல்லாம் எழுதினேன். நூறு வரைக்கும் எண்கள், கிழமைகள், நிறங்கள், என் பேர் என்ன, எங்க இருக்கேன்னு சொல்ற ரெண்டு வாக்கியம், அப்புறம் டெர்-டீ-டாஸ்னு பாட்டு மாதிரி ஒப்பிச்ச ஒரு அட்டவணை. அவ்வளவுதான். மறுநாள் கோதே இன்ஸ்டிட்யூட் இணையதளத்துல இலவசமா கிடைக்கிற ஏ1 மாதிரித் தேர்வை எழுதினேன். படிக்கிற பகுதியில முக்கால்வாசி சரி. பேசச் சொன்னா ரெண்டு வாக்கியத்துக்கு மேல வாய் வரலை.

இந்த வித்தியாசத்தைக் கவனிங்க. பார்த்தா அடையாளம் தெரியுறது வேற, நாமளா எடுத்துப் பேசுறது வேற. முகம் தெரியுது, பேரு வரமாட்டேங்குதுங்கிற நிலைமை. அதனால பழைய பாடப்புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறதுல பிரயோஜனம் கம்மி. படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடிட்டு மூளையில இருந்து வெளிய இழுக்கணும்.

அதுக்கு ஒரு பழைய கருவி இருக்கு. செபாஸ்டியான் லைட்னர்னு ஒரு எழுத்தாளர் 1972-ல ஜெர்மன்ல எழுதின புத்தகத்துல சொன்ன அட்டைப்பெட்டி. அஞ்சு அறை. எல்லா அட்டையும் முதல் அறையில தொடங்கும். சரியா சொன்னா அடுத்த அறைக்குப் போகும், தப்பா சொன்னா மறுபடி முதல் அறைக்கே வரும். பின்னாடி அறைகளை எப்பவாவது ஒருதடவை எடுத்துப் பார்த்தா போதும். தெரியாததுக்கு அதிக நேரம், தெரிஞ்சதுக்குக் குறைச்ச நேரம். இன்னைக்கு ஆங்கி மாதிரி ஆப்கள் செய்யுறதும் இதே வேலைதான், எந்த நாள்ல எந்த அட்டைன்னு கணக்கு மட்டும் அது போட்டுக்கும்.

அட்டை எழுதும்போது ரெண்டு விஷயம். ஒன்னு, தமிழைப் பார்த்து ஜெர்மன் சொல்ற மாதிரி எழுதுங்க. ரெண்டு, பெயர்ச்சொல்லைத் தனியா எழுதாதீங்க, டெர்-டீ-டாஸோட சேர்த்து எழுதுங்க. ஏன்னு இப்போ சொல்றேன்.

ஸ்கூல்ல நமக்கு ஜெர்மன் இலக்கணத்தை இங்கிலீஷ் வழியா சொல்லிக் கொடுத்தாங்க. இந்தத் தடவை நான் தமிழ் வழியா போனேன். "குழந்தைக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன்." இதுல 'கு' இருக்கு, 'ஐ' இருக்கு. நாலாம் வேற்றுமை, ரெண்டாம் வேற்றுமை. ஜெர்மன்ல "இஷ் கேபெ டேம் கிண்ட் டாஸ் பூஹ்." 'டேம்' நம்ம 'கு', 'டாஸ்' நம்ம 'ஐ'. நாம உருபைப் பெயருக்குப் பின்னாடி ஒட்டுறோம், அவங்க முன்னாடி வர்ற டெர்-டீ-டாஸை மாத்துறாங்க. அதனாலதான் ஒரு சொல்லுக்கு எது வரும்னு தெரியலைன்னா வேற்றுமையே போட முடியாது.

இன்னும் ஆச்சரியம் இருக்கு. எனக்குக் குளிருதுன்னு சொல்ல, இங்கிலீஷ் மாதிரி 'நான்'னு ஆரம்பிக்க மாட்டாங்க. "மீர் இஸ்ட் கால்ட்." மீர்னா 'எனக்கு'. எனக்குப் பிடிச்சிருக்கு, "டாஸ் கெஃபெல்ட் மீர்." உனக்கு உதவுறேன், "இஷ் ஹெல்ஃபெ டீர்." எல்லாமே நம்ம 'கு'தான். அதே மாதிரி 'ஏன்னா'ன்னு அர்த்தம் வர்ற 'வைல்' போட்டா வினைச்சொல் கடைசிக்குப் போயிடும். வினையைக் கடைசியில வைக்கிறது நமக்குப் பிறந்ததுல இருந்தே பழக்கம். இங்கிலீஷ் வழியா படிச்சா இதெல்லாம் விதிவிலக்கு மாதிரி தெரியும். தமிழ் வழியா வந்தா வீட்டு வாசல் மாதிரி இருக்கும்.

எல்லா இடத்துலயும் பொருந்தாது, அதையும் சொல்லிடறேன். 'உனக்கு போன் பண்றேன்'னு நாம சொல்றோம். அவங்களுக்கு அது 'உன்னை', "இஷ் ரூஃபெ டிஷ் ஆன்." இந்த மாதிரி பொருந்தாத வினைகளுக்கு மட்டும் தனி அட்டை போட்டுக்கோங்க. பாலும் அப்படித்தான். கரண்டி டெர் லோஃபெல், முள்கரண்டி டீ காபெல், கத்தி டாஸ் மெஸ்ஸர். ஒரே தட்டுல மூணு பால். இதுக்குக் காரணம் தேடாதீங்க. ஆனா சில விகுதிகள் கைகொடுக்கும். 'உங்', 'ஹைட்', 'கைட்'னு முடிஞ்சா டீ. 'ஷென்'னு சின்னதாக்குற விகுதி வந்தா டாஸ். பொண்ணுங்கிற மெட்ஷென் டாஸ் ஆனது அதனாலதான்.

காதுக்கு, டாய்ச்சே வெல்லேயோட "நிகோஸ் வேக்" இருக்கு. ஏ1-ல இருந்து பி1 வரைக்கும் கதையா போகும், இலவசம். அதுக்கப்புறம் அவங்களே மெதுவா வாசிக்கிற செய்தி. முதல்ல எழுத்தைப் பாக்காம கேளுங்க, ரெண்டாவது தடவை பார்த்துக்கிட்டே கேளுங்க, மூணாவது தடவை அவங்களோட சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்க. பஸ்ல பண்ணாதீங்க, எல்லாரும் பாப்பாங்க.

இப்போ இந்த எபிசோடுல நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். தினமும் 45 நிமிஷம் படிச்சேன். முதல் ரெண்டு மாசம் ஜெட் வேகம். ஒரு சொல்லை ஒரு தடவை பார்த்தா ஒட்டிக்கும். ஸ்கூல்ல மூணு வருஷம் எடுத்தது எட்டு வாரத்துல வந்துடுச்சு. மூணாவது மாசம் திடீர்னு வேகம் படுத்துடுச்சு. அதே நேரம், அதே அட்டை, ஆனா பத்துல நாலுதான் நிக்குது. நிறைய பேர் விட்டுட்டுப் போற இடம் இதுதான். 'எனக்கு வயசாயிடுச்சு, மொழி வராது'ன்னு முடிவு பண்ணிடுவாங்க.

உண்மையில என்ன நடக்குது? எபிங்ஹவுஸ் சொன்ன மிச்சம் தீர்ந்துடுச்சு. அது ஏற்கனவே உள்ள போனதுக்கு மட்டும்தான் கிடைக்கும். எட்டாவது பாடம் முடிஞ்ச இடத்துல உங்க சேமிப்பும் முடியுது. அதுக்கு அப்புறம் வர்றது மறுபடி கத்துக்கிறது இல்லை, புதுசா கத்துக்கிறது. அதோட சாதாரண வேகமே அதுதான். முதல் ரெண்டு மாசத்து வேகத்தை அளவுகோலா வைக்காதீங்க.

பேசுறதுக்கும் இதே கணக்கு. ஸ்கூல்ல நாம பேசவே இல்லை, பரீட்சை எழுதினோம். அதனால பேச்சுல தூர் வாருறதுக்கு எதுவுமே இல்லை. காசு செலவு பண்றதா இருந்தா அங்க பண்ணுங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆன்லைன்ல ஒரு ஆசிரியரோட பேசுறது. நான் ஏழாவது மாசத்துல இருந்து பண்றேன்.

பத்தாவது மாசம் பி1 எழுதினேன். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல்னு நாலு பகுதி, ஒவ்வொன்னும் 100 மார்க், 60 எடுத்தா பாஸ். முதல் மூணும் பாஸ். பேச்சுல 56. எதிர்ல இருக்குறவரோட சேர்ந்து ஒரு திட்டம் போடணும், ஒரு தலைப்புல பேசணும், அவரோட பேச்சுக்குக் கேள்வி கேக்கணும். என் தலைப்பு நல்லா போச்சு. அவர் பேசினதுக்கு உடனே கேள்வி கேக்குறதுலதான் நின்னுட்டேன். நல்லவேளை, ஒரு பகுதியை மட்டும் தனியா மறுபடி எழுதலாம். ரெண்டு மாசத்துல எழுதுறேன். இப்போ வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் பேச்சு.

கேள்விக்கு வர்றேன். ஏ1-ல சேரணுமா? கணக்கெடுத்துப் பாருங்க. மாதிரித் தேர்வுல பாதிக்கு மேல வந்தா, நீங்களே ரெண்டு மாசம் தூர் வாருங்க. அப்புறமும் கிளாஸ் வேணும்னா, நிலை பார்க்கிற தேர்வு எழுதி ஏ2-லயோ அதுக்கு மேலயோ சேருங்க. நிகோவோட முதல் எபிசோடே ஒன்னும் புரியலைன்னா தாராளமா ஏ1-ல சேருங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்லை.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க. பத்து நிமிஷம். எத்தனை சொல் வந்துச்சுன்னு எண்ணி எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம். ட்ஷூஸ்!