படகுக்கேற்ற விசிறி: எரிபொருள் சிக்கனத்தின் பொருளியல்

அகத்தியமலைச் சரிவில் தோன்றும் நெய்யாறு, காட்டாக்கடையை அடுத்த மலையடிவாரத்தில் அணையில் தேங்கி, நெய்யாற்றின்கரை வழியாகச் சென்று பூவாற்றில் கடலைச் சேர்கிறது. அதற்குத் தெற்கே, பாறசாலையை ஒட்டிய எல்லைப் பகுதியில், கேரளத்தின் பொழியூரும் தமிழ்நாட்டின் நீரோடியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1-இல் இரு மாநிலங்களுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. ஆயினும் எல்லையின் இருபுறமும் மீனவர் எதிர்கொள்ளும் அலையும் ஒன்றே. எரிபொருள் செலவு என்னும் சிக்கலும் ஒன்றே.

கட்டுமரத்திலிருந்து மோட்டாருக்கு

இக்கடற்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. அலை உடையும் இடத்தைக் கடந்தே கடலுக்குள் செல்ல வேண்டும். ஏறிய நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடுவதால், கட்டுமரம் இங்கு நெடுங்காலம் நிலைத்தது. 1952-இல் ஐக்கிய நாடுகள், நார்வே, இந்தியா ஆகிய முத்தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கையின்கீழ் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், விசைப்படகுகளுக்கு வழிவகுத்தது. எனினும் அதன் பயன் துறைமுக வசதியுள்ள இடங்களையே முதலில் சென்றடைந்தது. மணற்கரை மீனவரை இயந்திரம் பரவலாக எட்டியது 1980-களில்தான். ஒட்டுப்பலகைப் படகும், அதன் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரும் அப்போது ஒருசேரப் பரவின. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், 1984-இல் உருவான மத்ஸ்யபெட் கூட்டுறவு இணையமும் இம்மாற்றத்தில் பங்கேற்றன.

இங்கு ஒரு பொருத்தமின்மை கவனிக்கப்படாமல் போயிற்று. அவுட்போர்டு மோட்டார்களில் பல, நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிச் செல்லும் இலகுவான வேகப் படகுகளைக் கருத்தில் கொண்டு உருவானவை. வலை, பனிக்கட்டி, ஆட்கள், மீன் ஆகியவற்றைச் சுமந்து நீரைப் பிளந்து செல்லும் படகின் தேவை வேறு.

விசிறியின் கணக்கு

புரொப்பல்லர் எனப்படும் உந்து விசிறிக்கு இரண்டு அளவுகள் முக்கியமானவை: ஒன்று விட்டம், மற்றொன்று பிட்ச், அதாவது நழுவலே இல்லையெனில் ஒரு சுற்றில் விசிறி முன்னேறும் தூரம். மோட்டார் நிமிடத்திற்கு 5,000 முறை சுழன்று, பற்சக்கரங்கள் அதனைப் பாதியாகக் குறைத்தால், விசிறி 2,500 முறை சுழலும். 10 அங்குலப் பிட்ச் கொண்ட விசிறி, கணக்கின்படி மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் முன்னேற வேண்டும். சுமையேறிய படகு அதற்கு வெகுவாகக் கீழேயே நின்றுவிடுகிறது. எஞ்சிய உழைப்பு நீரைக் கலக்குவதில் வீணாகிறது. கனத்த படகுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் உள்ள விசிறியே ஏற்றது.

சோதிக்கும் முறை எளிது. வழக்கமான சுமையுடன், அமைதியான நீரில், முழு விசையில் படகைச் செலுத்திச் சுழற்சியை அளக்க வேண்டும். அது தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம்; மோட்டார் திணறுகிறது. எல்லையைத் தாண்டினால் பிட்ச் குறைவு; மோட்டார் விரைவில் தேய்கிறது. பிட்சில் ஓர் அங்குல மாற்றம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்றுகள் வரை வேறுபாடு தரும்.

அடுத்தது மோட்டாரின் உயரம். விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிப்பாகத்தோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மோட்டார் மிக உயர்ந்து நின்றால் விசிறி காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். மிகத் தாழ்ந்தால் நீரின் தடை கூடும். மோட்டாரின் சாய்வும் முக்கியம். சாய்வு தவறினால் படகின் முன்பகுதியான அணியம் நீரில் புதையும், அல்லது தூக்கிக்கொண்டு குதிக்கும். சுமையைப் பின்புறத்தில் குவித்தாலும் இதே தீங்கு நேரும். கரையேறும்போது மோட்டாரைச் சற்றுத் தாமதித்துத் தூக்கினால் விசிறியின் இதழ் மணலில் உராய்ந்து மழுங்கும். வளைந்த இதழோடு கடலுக்குச் செல்பவர் ஒவ்வொரு நாளும் எரிபொருளை இழக்கிறார்.

வேகத்தின் விலை

நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்திற்கு அதன் நீளமே வரம்பு விதிக்கிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு அந்த வரம்பு மணிக்கு ஏறத்தாழ 6.7 கடல்மைல். அதனை நெருங்கும்போது தேவைப்படும் திறன் செங்குத்தாக உயர்கிறது. திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதாகக் கொண்டால், வேகத்தைப் பத்து விழுக்காடு குறைப்பதால் அதே தூரத்திற்கான எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தது.

யார் செலவு, யார் தெரிவு?

கடலோரப் பங்கு முறையில், பொதுவாக எரிபொருள் முதலிய நடைமுறைச் செலவுகள் கழிக்கப்பட்ட பின்னரே வருவாய் பிரிக்கப்படுகிறது. மோட்டாரையும் விசிறியையும் தெரிவு செய்பவர் உரிமையாளர். தவறான தெரிவின் சுமையோ தொழிலாளியின் பங்கிலிருந்தும் கழிகிறது. ஒரு பயணத்திற்கு 5 லிட்டர் வீணாவதாகவும், ஆண்டுக்கு 200 பயணங்கள் எனவும் கொண்டால் இழப்பு 1,000 லிட்டர். பிடிபடும் மீன் குறையும் பருவத்தில் இந்த இழப்பே பல குடும்பங்களின் வருவாயைக் கடனாக மாற்றப் போதுமானது. மானிய விலை மண்ணெண்ணெயின் ஒதுக்கீடு சுருங்கி வந்துள்ள நிலையில் இது மேலும் உறைக்கிறது.

பெரிய மோட்டார் வாங்கிய பக்கத்துப் படகு முதலில் கரைசேர்ந்து நல்ல விலை பெறும்போது, மற்றவரும் குதிரைத்திறனைக் கூட்டவே முனைவர். எல்லாரும் கூட்டிய பின்னர் முதலில் வருவதன் ஆதாயம் மறைகிறது. செலவு மட்டும் நிலைத்துவிடுகிறது. எனவே கடன் வழங்கும் அமைப்புகள் மோட்டாரைத் தனிப்பொருளாகக் கருதாமல், படகின் உடல், சுமை, விசிறி ஆகியவற்றோடு சேர்த்து ஓர் அலகாக மதிப்பிடுதல் நன்று. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957 முதல் ஈட்டியுள்ள அறிவு, பொழியூர் மணலில் நிற்கும் படகின் பின்பலகை வரை வர வேண்டும். ஒவ்வொரு இறங்குதளத்திலும் சுழற்சி அளவி ஒன்று, மாற்று விசிறிகள் சில, பயிற்சி பெற்ற மெக்கானிக் ஒருவர் ஆகிய இவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. குதிரைத்திறனுக்கு மானியம் தருவதைவிட, இருக்கும் திறன் வீணாகாமல் காப்பதே தொழிலாளியின் பங்கை உயர்த்தும் சிக்கனமான வழியாகும்.